போய் நாலு தட்டு தட்டலாமா?

"அண்ணே, அக்காவை அவள் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான். போன வாரம் உதடு கிழிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் கூட்டாளிகள் நாலு பேரும் போய் அவனை வெளுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். அப்பா காந்தி, அகிம்சை என்கிறார். அடிப்பவனைத் திருப்பி அடித்தால் தப்பா?"
– மேலூரிலிருந்து ஒரு தம்பி

தம்பி, அடிப்பது எப்போதுமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். காந்தியும் சொல்லவில்லை. கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றுதான் வழி என்றால் வன்முறையைத்தான் சொல்வேன் என்று 1920-ல் எழுதியவர் அவர். அடுத்த வருஷம்தான் நம்ம மதுரைக்கு வந்து அரையாடைக்கு மாறினார்.

2012-ல் மதுரையில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். பெற்ற மகளிடமே தப்பாக நடக்கப்போன கணவனை ஒரு அம்மா கிரிக்கெட் மட்டையால் அடித்தார், ஆள் செத்துப்போனான். தற்காப்பு என்று போலீஸே அவரை விடுவித்தது. அன்றைக்கு அது தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 38. அடுத்தவர் உயிரைக் காப்பாற்றவும் கை ஓங்கலாம், ஆனால் போலீசிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் அடிக்கவும் கிடையாது. சட்டத்தை விடுங்கள், எனக்கே இது நியாயமாகத்தான் படுகிறது. அந்த அம்மா ஓங்கிய மட்டை அந்த நிமிஷத்தில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது. நீங்கள் போகப்போவதோ ஒரு வாரம் கழித்து, ஆள் சேர்த்துக்கொண்டு. அது அக்கா மேல் விழுகிற எந்த அடியைத் தடுக்கும்?

கண்ணகி கதையிலும் எனக்கு இந்த இடத்தில்தான் இடிக்கிறது. சிலம்பை உடைத்து, உள்ளே முத்தில்லை மாணிக்கம் என்று காட்டி, பாண்டியன் தன் தப்பை ஒத்துக்கொண்டு உயிரை விடும்வரை நான் அவள் பக்கம். அப்புறம் ஊரை எரித்தாளே, முதியவர், குழந்தைகளை விட்டுவிடச் சொன்னாள்தான், இருந்தாலும் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? (திட்டுகிறவர்கள் திட்டலாம், நானும் இந்த ஊர்க்காரன்தான்.)

இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு கூட்டத்தோடு நானும் போயிருக்கிறேன். கூட்டாளியுடைய தங்கை புருஷனை ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரு டீக்கடை வாசலில் வைத்து அடித்தோம். கையில் வைத்திருந்த பன் சாக்கடையில் விழுந்தது, பக்கத்தில் நின்ற அவன் பையன் அழக்கூட இல்லை, அந்தப் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியாஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனது அந்தத் தங்கைதான். வீடு திரும்பியதும் வாங்கினதையெல்லாம் அவன் அவளுக்கே திருப்பிக் கொடுத்தான், இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு.

இன்னொன்று, உங்களோடு சேர்த்து ஐந்து பேர் ஆகிறது. சட்டவிரோதக் கூட்டம் என்கிற கணக்கே ஐந்தில்தான் தொடங்குகிறது. கேஸ் உங்கள் மேல் விழும், அவன் கட்டுப்போட்ட தலையோடு நியாயஸ்தன் ஆகிவிடுவான். பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் அவன் அக்கா பக்கம் அண்டக்கூடாது என்று உத்தரவு வாங்கலாம். அதையும் மீறிக் குடித்துவிட்டு உங்கள் வாசலுக்கே வந்து அவள் மேல் கை வைத்தால், கையைப் பிடித்து முறுக்கித் தெருவில் தள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். அக்கா என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே. கேட்டுவிட்டு எழுதுங்கள்.