தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு எவ்வளவு மாறியது என்று எப்படி அளக்கிறார்கள்? ஏன் மாறுகிறது?

வாக்காளர்கள் கட்சி மாறி ஓட்டுப் போடுவதை ஒரே எண்ணில் சொல்கிறார்களாமே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்த எண் திடீரென்று ஏறுவதற்கு என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலையில் அரசியல் அறிவியல் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இது. இன்றும் தேர்தல் முடிவு வந்தால் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

கணக்கு சுலபம். டென்மார்க்கைச் சேர்ந்த அரசியல் அறிவியலாளர் மோகன்ஸ் பெடர்சன் 1979-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தது. பெடர்சன் குறியீடு என்றே பெயர். ஒவ்வொரு கட்சியும் போன தடவை எத்தனை சதவீதம் வாங்கியது, இந்தத் தடவை எத்தனை என்று பாருங்கள். கூடியதோ குறைந்ததோ, வித்தியாசத்தை மட்டும் எடுத்து எல்லாவற்றையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுங்கள். ஒரு கட்சி இழந்தது இன்னொரு கட்சிக்கு வரவு, அதை இரண்டு முறை எண்ணக் கூடாது, அதற்காகத்தான் வகுக்கிறோம். எதுவும் மாறாவிட்டால் 0. பழைய கட்சிகள் எல்லாம் ஒன்றுமில்லாமல் போய்ப் புதியவை மட்டுமே ஓட்டு வாங்கினால் 100.

சரி, அவருடைய நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1973 டிசம்பர் 4-ஆம் தேதி நடந்த டென்மார்க் தேர்தலை அந்த ஊர்க்காரர்கள் 'நிலச்சரிவுத் தேர்தல்' என்கிறார்கள். 1971-இல் 37.3 சதவீதம் வாங்கியிருந்த சமூக ஜனநாயகக் கட்சி 25.6-க்கு இறங்கியது. கன்சர்வேட்டிவ் கட்சி 16.7-லிருந்து 9.2. ஓராண்டுக்கு முன்புதான் தொடங்கிய முன்னேற்றக் கட்சி 15.9 சதவீதத்தோடு இரண்டாம் இடம். நாடாளுமன்றத்தில் ஐந்தாக இருந்த கட்சிகள் பத்தாகின. குறியீட்டைப் போட்டால் சுமார் 29 வருகிறது.

ஆனால் அதே தேர்தலுக்கு 21 என்றும் ஒருவர் சொல்லலாம், அவரும் தப்பாகக் கூட்டவில்லை. அந்தத் தேர்தலில் 7.8 சதவீதம் வாங்கிய மைய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர் எர்ஹார்ட் யாகோப்சன். சமூக ஜனநாயகக் கட்சி எம்.பி.யாக இருந்தவர், வீட்டு உரிமையாளர்கள் மீதான வரி விவகாரத்தில் முரண்பட்டு நவம்பரில் வெளியேறினார். நாடாளுமன்றத்தில் ஒரு முக்கியமான வாக்கெடுப்புக்கு அவர் வந்து சேரவில்லை. காரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றார். அரசாங்கம் தேர்தலுக்குப் போனது. இவருடைய கட்சி புத்தம் புதிய கட்சியா, தாய்க்கட்சியிலிருந்து பிரிந்த துண்டா? புதியது என்றால் 29. இரண்டையும் சேர்த்துத் தாய்க்கட்சியின் பழைய ஓட்டோடு ஒப்பிட்டால் 21. கூட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்கிற இந்த ஒரு முடிவில் எட்டுப் புள்ளி போய்விடுகிறது. அதனால் குறியீட்டு எண்ணை யார் சொன்னாலும், உடைந்த கட்சியையும் பெயர் மாறிய கட்சியையும் எப்படி எண்ணினீர்கள் என்று நான் முதலில் கேட்பேன்.

தமிழ்நாட்டுக்கு இதை அப்படியே கொண்டுவந்தால் இன்னும் கஷ்டம். 2001-இல் 183 தொகுதிகளில் நின்ற தி.மு.க. 30.9 சதவீதம் வாங்கி 31 இடங்களோடு தோற்றது. 2006-இல் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்து 132-இல் மட்டும் நின்றது. 26.5 சதவீதம்தான், ஆனால் 96 இடங்கள் பிடித்து ஆட்சிக்கு வந்தது. அ.தி.மு.க.வோ கூடுதல் தொகுதிகளில் நின்று, சதவீதம் ஏறியும் ஆட்சியை இழந்தது. குறியீட்டை நம்பினால் மக்கள் தி.மு.க.வை விட்டு விலகிய தேர்தல் அது! மாறியது தொகுதிப் பங்கீடு. இங்கே கணக்குப் போடுகிறவர்கள் கூட்டணியை ஒரு கட்சியாக எடுப்பதா, நின்ற தொகுதிகளை மட்டும் ஒப்பிடுவதா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் ஒரு தேர்தலில் பெரியப்பா சூரியனிலிருந்து இலைக்குப் போனார், சித்தி இலையிலிருந்து சூரியனுக்கு வந்தார். இரண்டு பேர் மாறியிருக்கிறார்கள், குறியீட்டில் 0. மொத்த ஓட்டை வைத்துப் போடுகிற எண் எப்போதும் குறைந்தபட்ச மாற்றத்தைத்தான் காட்டும். உண்மையில் எத்தனை பேர் மாறினார்கள் என்று தெரிய வேண்டுமானால், அதே ஆட்களிடம் இரண்டு தேர்தலிலும் கேட்க வேண்டும்.

அப்புறம் காரணம். 1967-இல் லிப்செட், ரொக்கான் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஐரோப்பியக் கட்சி அமைப்புகள் வர்க்கம், மதம் போன்ற 1920-களின் சமூகப் பிளவுகளிலேயே உறைந்து நிற்கின்றன என்று எழுதினார்கள். ஆறே ஆண்டில் டென்மார்க்கில் அது உடைந்தது. 1968-இல் வலதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்தபோது வரி குறையும் என்று அதன் ஆதரவாளர்கள் எதிர்பார்த்தார்கள், வரி ஏறியது. 1970 முதல் சம்பளத்திலேயே வரிப் பிடித்தம் வந்தது. இடதிலும் வரி, வலதிலும் வரி என்ற நிலையில் மோகன்ஸ் கிலிஸ்ட்ரப் என்ற வரி வழக்கறிஞர் 1971 ஜனவரியில் தொலைக்காட்சியில் தோன்றி, தன் வருமான வரி பூஜ்யம் என்று அட்டையைக் காட்டினார். முன்னேற்றக் கட்சியைத் தொடங்கியவர் அவர்தான். 1972 அக்டோபரில் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேருவது குறித்த பொதுவாக்கெடுப்பு சமூக ஜனநாயகக் கட்சியை உள்ளுக்குள் பிளந்தது. கோபம் எல்லா நாட்டிலும் வரும். அங்கே 2 சதவீதம் வாங்கினாலே நாடாளுமன்றத்தில் இடம் உண்டு என்பதால், புதுக்கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண் என்று யாரும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்த 2 சதவீதம் இல்லாவிட்டால் கிலிஸ்ட்ரப் வெறும் தொலைக்காட்சிப் பரபரப்போடு முடிந்திருப்பார்.

எந்த இரண்டு தேர்தலை ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். பதின்மூன்றே மாதத்தில், 1975 ஜனவரியில், வென்ஸ்ட்ரே என்ற தாராளவாதக் கட்சி 12.3-லிருந்து 23.3-க்கு ஏறியது. 1977-இல் மறுபடியும் 12.0. அதே 1977-இல் சமூக ஜனநாயகக் கட்சி 37.0 வாங்கியது. அந்தக் கட்சியை மட்டும் 1971-ஐயும் 1977-ஐயும் வைத்துப் பார்க்கிறவருக்கு, நடுவில் நிலம் சரிந்ததே தெரியாது.