ஹப்பிள் மாறிலியின் இரண்டு எண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு இரண்டு விடைகள் வருகின்றன, வெப் தொலைநோக்கி ‘இருக்கவே கூடாத’ கேலக்ஸிகளைக் கண்டிருக்கிறது என்று காணொளியில் பார்த்த மாணவி ஒருத்தி, “அப்போ பெருவெடிப்பு பொய்யா டீச்சர்?” என்றாள். விஞ்ஞானிகள் எதையாவது மறைக்கிறார்களா? அவளுக்கு என்ன சொல்ல?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண்ணுக்கு என் அன்பு. நீங்கள்தான் திட்டு வாங்கவேண்டியவர். இயற்பியல் நடத்துபவர் ‘மறைக்கிறார்களா’ என்று கேட்கலாமா? ஹப்பிள், வெப் தொலைநோக்கிகளின் தரவுகள் பொதுக் காப்பகத்தில் கிடக்கின்றன. இந்த முரணை ஊரறியச் சொன்னதே அளந்தவர்கள்தான்.

கேலக்ஸிகளை இப்போதைக்கு விடுங்கள். 2022இல் செம்பெயர்ச்சி (விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு, கூடக்கூடத் தொலைவும் பழமையும் கூடும்) 16 என்று கொண்டாடப்பட்ட ஒன்று, நிறமாலை எடுத்ததும் 4.9 ஆகிவிட்டது. 14ஐத் தாண்டி உறுதியானவையும் உண்டு. அவை விண்மீன் பிறப்பின் வேகத்தைப் பற்றிய கணக்கைத்தான் முதலில் உலுக்குகின்றன.

என்னைச் சில நாட்களாகவே குடைவது, பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலிக்கு வரும் அந்த இரண்டு எண்கள். பிளாங்க் விண்கலம் தந்தது 67.4, பிழை 0.5. வானியலாளர் ஆடம் ரீஸின் குழு 2022இல் தந்தது 73.04, பிழை 1.04. அலகு, மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு) நொடிக்கு கிலோமீட்டர். முதலாவது நேரடி அளவு அல்ல. பிரபஞ்சத்தின் இளமையிலிருந்து மிஞ்சிய பின்புல நுண்ணலைக் கதிர்வீச்சில், நிலைபெற்ற அண்டவியல் மாதிரி சரி என்று கொண்டு கணக்கிட்டது. இரண்டாவது, தூரத்தைப் படிப்படியாக அளக்கும் ஏணி. இடமாறு தோற்றத்தால் (பூமி நகர, விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவால்) பக்கத்து செஃபீட் என்னும் துடிக்கும் விண்மீன்களின் தூரம், அவற்றின் துடிப்புக் காலத்திலிருந்து உண்மை ஒளி, அதை வைத்து 37 கேலக்ஸிகளில் வெடித்த 42 சூப்பர்நோவாக்களின் ஒளி, அங்கிருந்து இன்னும் தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்களுக்கு.

‘ஏணியில் எங்கோ பிழை’ என்று சொல்வது சுலபம். எவ்வளவு பிழை வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா? எண்களின் விகிதம் 1.084. அதன் மடக்கையை 5ஆல் பெருக்கினால் 0.17 மேக்னிட்யூட் (விண்மீன் ஒளியின் அளவுகோல்). அதாவது தொலைவிலுள்ள செஃபீட்களை எல்லாம் சராசரியாக 17 சதவீதம் கூடுதல் வெளிச்சமாக அளந்திருக்கவேண்டும்.

அதற்கு வழி உண்டு: நெரிசல். தூரம் கூடக்கூட அக்கம்பக்கத்து விண்மீன்களின் ஒளி செஃபீடோடு கலக்கும், அது பிரகாசமாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதாக நினைப்போம், மாறிலி ஏறிவிடும். திசைகூடச் சரியாகப் பொருந்துகிறது! இதைத் திருத்த, அதே படத்தில் செஃபீடின் அருகே எவ்வளவு ஒளி என்று முன்பே தெரிந்த போலி விண்மீன்களைச் செருகி, அளந்து, எவ்வளவு மிகையாக வருகிறதோ அதைக் கழிக்கிறார்கள். அந்தக் கழித்தலே தவறென்றால்? அங்கேதான் வெப் வந்தது. ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர், வெப்பினுடையது 6.5. அகச்சிவப்பில் அண்டை விண்மீன்கள் தனித்தனியாகப் பிரிந்தன. 2024இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செஃபீட்களின் முடிவு வந்தது. அளவுகளின் சிதறல் வெகுவாகக் குறைந்தது, சராசரி நகரவில்லை. நெரிசல்தான் காரணம் என்பவர்கள் இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

ஆனால் வானியலாளர் வெண்டி ஃப்ரீட்மனின் குழு செஃபீடை விட்டு, செம்பெருமீன்கள் என்னும் முதிர்ந்து உப்பிய விண்மீன்களின் உச்ச ஒளியைக் கொண்டு 2019இல் அளந்தபோது 69.8 வந்தது. ஆகவே வழக்கு முடியவில்லை.

மாணவிக்கு என்ன சொல்வதென்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? பெருவெடிப்பு பொய்யில்லை, சண்டை 8 சதவீதத்துக்கு. அந்த 0.17ஐ அவளையே கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு இதையும் கொடுங்கள்: 2017இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையிலிருந்து, ஏணியே இல்லாமல் கிடைத்த மதிப்பு 70, மேலே 12, கீழே 8 பிழை. இரண்டு எண்களில் எதை இது விலக்குகிறது என்று அவள் சொல்லட்டும்.