குவைத் வேலையும் ஒபெக்கின் மடைக் கணக்கும்

தம்பி, மன்னார்குடியிலிருந்து குவைத் எண்ணெய் வயலுக்கு ஃபிட்டராக வரப்போகிறீர்கள். ரூம், சாப்பாடு எப்படி, நம்ம ஊர் ஆட்கள் உண்டா, எண்ணெய் விற்கும் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உற்பத்தியைக் குறைத்தால் மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்குக் கடைசியில் நாலு வரி போதும். மூன்றாவதைத்தான் இங்கே பத்து வருடம் குப்பை கொட்டியவர்களே தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வாட்ஸப்பில் 'ஒபெக் கட்' என்று வந்தால் போதும், நம் ஆட்கள் தங்கும் மங்காஃப் பக்கத்து டீக்கடை முழுக்க இழவு வீடுதான்.

உங்களுக்கு வெண்ணாற்றுப் பாசனம். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் கல்லணையில் வெண்ணாற்றுக்கும் காவிரிக்கும் முறை வைத்து விடுவது தெரியும். ஒபெக் செய்வதும் ஏறக்குறைய அந்த முறைதான், ஆனால் நஷ்டம் விழும் இடம் வேறு. நம்ம ஊரில் மேல்மடைக்காரன் அடைத்தால் கடைமடை காயும். எண்ணெயில் அடைத்தவனுக்குத்தான் விற்பனை குறையும். அடைக்காதவன் ஏறிய விலையில் முழுச் சரக்கையும் விற்றுக் காசு பார்ப்பான். ஆகவே எல்லோரும் ஒரே நாளில் பலகை போட வேண்டும். ராத்திரியில் எவனாவது பலகையைத் தூக்குவான் என்பதும் தெரிந்ததே.

1960 செப்டம்பரில் பாக்தாத்தில் ஐந்து நாடுகள் கூடித் தொடங்கியது இது: ஈரான், ஈராக், குவைத், சவூதி, வெனிசுலா. அலுவலகம் வியன்னாவில். 2016 கடைசியில் ரஷ்யா முதலானவை சேர்ந்ததும் ஒபெக் பிளஸ் ஆனது. இந்த வரலாறு இவ்வளவு போதும்.

கணக்கு எங்கே இருக்கிறது என்றால், அடிப்படை அளவில். எந்த அளவிலிருந்து குறைப்பது என்பதற்குத்தான் அடிதடியே. 2020 ஏப்ரலில் கொரோனாவால் எண்ணெய் வாங்க ஆளில்லாமல் போனபோது, மே மாதத்திலிருந்து நாளொன்றுக்கு 97 லட்சம் பேரல் குறைப்பதாக முடிவானது. சவூதிக்கும் ரஷ்யாவுக்கும் தலா 1 கோடியே 10 லட்சம் அடிப்படை. மற்றவர்களுக்கு 2018 அக்டோபர் உற்பத்தி. குவைத் 28.09 லட்சத்திலிருந்து 21.68 லட்சத்துக்கு இறங்கியது. முதலில் பேசியது 1 கோடி. மெக்சிகோ 4 லட்சம் குறைக்க மறுத்து 1 லட்சத்தோடு நின்றுகொண்டதால்தான் 97 லட்சம் ஆனது. எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு என்பதால், ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் கூட்டம் நீளும். 2021 ஜூலையில் அமீரகம் அப்படித்தான் நின்று, தன் அடிப்படையை 31.68 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்த்தி வாங்கியது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்று. அடுத்த பேச்சில் பெரிய அடிப்படை வேண்டுமென்றால் கையில் உற்பத்தித் திறன் இருக்க வேண்டும். அதனால் குறைப்பு நடக்கிற காலத்திலும் துளைபோடும் வேலை அப்படியே நின்றுவிடாது. 2035-க்குள் நாளொன்றுக்கு 40 லட்சம் பேரல் எடுக்கும் திறன் என்பது குவைத்தின் இலக்கு.

அறிவித்த எண்ணையும் நம்பாதீர்கள். 2022 அக்டோபரில் 20 லட்சம் பேரல் குறைப்பு என்றார்கள். பல நாடுகள் ஏற்கெனவே ஒதுக்கீட்டுக்குக் கீழேதான் எடுத்துக்கொண்டிருந்தன, நிஜத்தில் பாதியளவுதான் குறைந்தது. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கு அந்தந்த நாடு சொல்வதை வைத்துக்கொள்வதில்லை, வெளி நிறுவனங்களின் மதிப்பீட்டைத்தான் எடுப்பார்கள். கச்சா எண்ணெய் மட்டும் கணக்கு, எரிவாயுவோடு வரும் லேசான எண்ணெயான கண்டென்சேட் சேராது. கூடுதலாக எடுத்தவர் பின்வரும் மாதங்களில் ஈடுகட்ட வேண்டும். 2024-ல் ஈராக்கும் கசகஸ்தானும் அப்படி அட்டவணை எழுதிக் கொடுத்தன. அபராதம் என்று ஒன்றும் கிடையாது.

அபராதம் இல்லாத இடத்தில் சவூதியின் பொறுமைதான் பூட்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் 1 கோடியை ஒட்டி எடுத்த நாடு, மற்றவர்களுக்காகக் குறைத்துக் குறைத்து 1985 நடுவில் 30 லட்சத்துக்கும் கீழே வந்தது. பொறுத்தது போதும் என்று திறந்துவிட்டதும், 1986-ல் 30 டாலரை ஒட்டியிருந்த விலை 10 டாலர் பக்கம் விழுந்தது. 2014 நவம்பர் 27 அன்று வியன்னாவில் குறைக்க மாட்டோம் என்றார்கள். அந்த வருட நடுவில் 110 டாலருக்கு மேலிருந்த விலை 2016 ஜனவரியில் 30-க்குக் கீழ். சம்பளத்தில் கைவைக்கப் பார்த்ததால் 2016 ஏப்ரலில் குவைத் எண்ணெய்த் துறை ஊழியர்களே 3 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஆட்களின் கதை அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது: முதலில் ஓவர்டைம் போகும், பிறகு சம்பளம் தள்ளும், பிறகு சம்பளமில்லா விடுப்பு. விலை விழுந்தால் புது டெண்டர் தள்ளிப்போகும், பழைய ஒப்பந்தத்தின் ரேட்டைக் குறைக்கச் சொல்வார்கள், கம்பெனி அதைத் தொழிலாளியிடம்தான் பிடிக்கும்.

ஆகவே 'குறைக்கிறார்கள்' என்ற செய்தியைவிட 'திறந்துவிடுகிறார்கள்' என்ற செய்தியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். குறைப்பு வந்தால் வயலில் நடப்பது இதுதான்: கிணற்றுத் தலையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வை இறுக்குவார்கள், தண்ணீர் அதிகம் வரும் கிணறுகளை முதலில் மூடுவார்கள். ரொம்ப நாள் மூடியே வைத்தால் கிணற்றுக்குள் தண்ணீர் தேங்கும், மெழுகு படியும், ஓட்டமில்லாத லைன் அரிக்கும். அதனால் கிணறுகளை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், இங்கேயும் முறைதான். எண்ணெய் வந்து சேரும் ஜிசி நிலையங்களின் ஷட்டவுனையும் (நிறுத்திவைத்துப் பழுதுபார்ப்பது) இந்தச் சமயத்தில் முன்னுக்கு இழுப்பதுண்டு. ஃபிளாஞ்ச் பிரிப்பது, கேஸ்கெட் மாற்றுவது, வால்வு ஓவர்ஹால் எல்லாம் ஃபிட்டர் வேலை.

எனவே ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது ஒபெக் பற்றி அல்ல. ஒப்பந்தம் பராமரிப்பா, ஷட்டவுனா, ரிக்கா, புது புராஜெக்டா? எந்த மாதம் முடிகிறது, நீட்டிப்பு உண்டா? பராமரிப்பு என்றால் யோசிக்காமல் வாருங்கள். ஷட்டவுன் மட்டும் என்றால் அது முடிந்ததும் விமானம்தான். விசா 18-ஆ, அதாவது தனியார் கம்பெனி விசாவா என்று பாருங்கள். 20 என்றால் அது வீட்டு வேலை விசா, அதில் வந்து எண்ணெய் வயலில் நிற்பது சட்டவிரோதம். ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் ₹30,000-மும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு வந்து பெருமையடிக்கும் ஆட்களை இங்கே நிறையப் பார்க்கலாம்.

'ஊரில் ஓஎன்ஜிசி வேண்டாம் என்று கதிராமங்கலத்தில் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்து எண்ணெய் எடுக்கிறான்' என்று நக்கலடிக்கும் கூட்டமும் உண்டு. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கே எண்ணெய் எடுக்கும் புர்கான் பாலைவனத்தில் யாரும் சம்பா நடவில்லை.

ரூம் மங்காஃப், மஹ்பூலா பக்கம் அமையும். வாடகை கம்பெனி பாடு. ஆனால் கட்டடத்தில் இரண்டாவது படிக்கட்டு திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 2024 ஜூனில் மங்காஃப் தீயில் 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 முதல் 4 வரை வெட்டவெளி வேலை தடை, யார் சொன்னாலும் போகாதீர்கள். ஊர்க்காரர்களைத் தேட வேண்டாம், வெள்ளிக்கிழமை அவர்களே வருவார்கள். அம்மா அரைத்துக் கட்டிக்கொடுக்கும் மசாலாவில் கசகசா மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இங்கே அது போதைப்பொருள் கணக்கு, ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள்.