கைப்பிடி வைத்த பாப்கார்ன் கூடை: கருகாமல் பொரிய எப்படிச் செய்வது?

கேள்வி: நீளமான கைப்பிடி வைத்த கம்பிவலைப் பாப்கார்ன் கூடை ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் கேஸ் அடுப்பிலும், வெளியே கூடாரம் போட்டுத் தங்கும்போது தணலிலும் பிடித்துப் பொரிப்பேன். ஒவ்வொரு முறையும் அடியில் கிடப்பது கருகுகிறது. மூன்றில் ஒரு பங்கு பொரியாமல் கல்லாக நிற்கிறது. கையும் சுடுகிறது. தெரிந்த பட்டறையில் புதிதாக ஒன்று செய்யச் சொல்லலாம் என்றிருக்கிறேன். தடித்த அலுமினியப் பாத்திரம், ஆவி வெளியே போகாத இறுக்கமான மூடி, உள்ளே கிளறிவிட ஒரு சுழற்றும் கை. இதுதான் என் திட்டம். சரியாக வருமா?

பதில்: உங்கள் மூன்று யோசனைகளில் ஒன்று பாதி சரி, ஒன்று தேவையில்லை, ஒன்று ஆபத்து. ஆபத்தானதிலிருந்தே தொடங்குகிறேன்.

இறுக்கமான மூடியை மறந்துவிடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால்தான் சோளம் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் வேண்டும்தான், ஆனால் அது பாத்திரத்துக்குள் இல்லை, ஒவ்வொரு சோளமணிக்குள்ளும் இருக்கிறது. மணியின் கெட்டியான தோல்தான் அங்கே பிரஷர் குக்கர். உள்ளே இருக்கும் ஈரம் சூடேறி, சுமார் 180 டிகிரி செல்சியஸ் வரும்போது அழுத்தம் வெளிக்காற்றைப் போல 9 மடங்கு ஆகிறது. தோல் அதற்கு மேல் தாங்காமல் கிழிகிறது. வெந்து இளகிய மாவு நுரைத்து வெளியே வந்து, அந்த நொடியிலேயே ஆறி உறைகிறது. இதில் பாத்திரத்தின் மூடிக்கு எந்த வேலையும் இல்லை. சொல்லப்போனால் வெளியே அழுத்தம் குறைவாக இருந்தால்தான் பொரி இன்னும் பெரிதாக விரியும்.

பாத்திரத்தையே அழுத்தக் கலமாக்கி, சட்டென்று திறந்து பொரிய வைக்கும் இரும்புக் குண்டு போன்ற கருவிகளும் உண்டு. அது வேறு சாதனம், வேறு தடிமன், தெரியாமல் தொட்டால் ஆளையே அடித்துவிடும். பட்டறையில் தகடு வளைத்துச் செய்கிற காரியம் அல்ல அது.

மூடி இறுகியிருந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. நல்ல சோளத்தில் எடையில் 14 சதவீதம் அளவுக்கு நீர் இருக்கும். 50 கிராம் போட்டால் 7 கிராம் நீர். 7 கிராம்தானே என்று தோன்றும், ஆனால் ஆவியானால் அது கிட்டத்தட்ட 12 லிட்டர் இடத்தை அடைக்கும். உங்கள் கூடையின் கொள்ளளவே இரண்டு மூன்று லிட்டர்தான். அவ்வளவு ஆவியும் வெளியே போக வழி வேண்டும். போகாவிட்டால் பொரிந்தது அதிலேயே ஊறி, கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

அடுத்தது கருகல். நெருப்பு போதாமல் சில மணிகள் பொரியவில்லை, நெருப்பு அதிகமாகிச் சில கருகின என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அப்படி இல்லை. 50 கிராம் சோளத்தை 180 டிகிரிக்கு ஏற்றி, அதிலுள்ள நீரையும் ஆவியாக்க ஏறத்தாழ 30 கிலோஜூல் போதும். மூன்று நிமிடத்தில் கொடுப்பதென்றால் 170 வாட் அளவு. சாதாரண கேஸ் அடுப்பே அதைப் போலப் பல மடங்கு தரும். எனவே சூடு உங்களிடம் தாராளமாக இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்: பொரிந்ததும் பொரியாததும் ஒரே அடித்தட்டில் கலந்து கிடக்கின்றன. பொரிந்தது இலேசானது, ஈரம் போனது, நெருப்பில் பட்டால் நொடியில் கருகும். அது அடியை அடைத்துக்கொண்டிருப்பதால் பொரியாத மணிக்கு நெருப்பே சரியாக எட்டுவதில்லை. புதிதாகச் செய்கிற கூடை இவ்விரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். மற்ற எல்லா அளவும் இதற்குப் பின்னால்தான்.

இங்கேதான் உங்கள் சுழற்றும் கை அடிபடுகிறது. கிளறுவது பெரிய இயந்திரங்களிலிருந்து வந்த பழக்கம். 1885-இல் சிகாகோவில் சார்லஸ் கிரெட்டர்ஸ் நீராவி எஞ்சினால் ஓடும் பொரி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன் விற்பனைக்குப் பொரித்தவர்களும் உங்களைப் போலக் கம்பிக்கூடையை நெருப்பில் பிடித்து ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றைய திரையரங்கு இயந்திரங்களைக் கவனித்துப் பாருங்கள். மேலே தொங்கும் சட்டியில் பொரிந்தது பொங்கி, மூடியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே கொட்டும். அதனால் அங்கே கிளறும் தண்டு பெரும்பாலும் பொரியாத மணிகளைத்தான் புரட்டுகிறது. மூடிய கைக்கூடையில் அதே தண்டை வைத்தால், மேலே ஏறிய பொரியையும் இழுத்துக் கீழே தள்ளும், நொறுக்கவும் செய்யும்.

உங்களிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது: மணிக்கட்டு. பெரிதும் சிறிதும் கலந்த பண்டத்தைக் குலுக்கினால் சிறியது இடுக்கில் புகுந்து அடிக்குப் போகும், பெரியது மேலே வரும். பாத்திரத்தை முன்னும் பின்னும் ஆட்டும்போது சோளமணி பொரிகளின் இடுக்கு வழியாகத் தானே சூட்டுக்கு இறங்குகிறது. பிரிக்கிற வேலை அதுவாகவே நடந்துவிடும், நாம் இடம் மட்டும் கொடுத்தால் போதும்.

இடம் என்றால் எவ்வளவு? நல்ல சோளம் கிராமுக்கு 40 கன செ.மீ. வரை விரியும். 50 கிராமுக்கு 2 லிட்டர். அதை அப்படியே 2 லிட்டர்ப் பாத்திரத்தில் போட்டால் கடைசி ஒரு நிமிடம் எதுவும் அசையாது, ஆட்டியும் பயனில்லை. ஒன்றரை மடங்கு வேண்டும், அதாவது 3 லிட்டர். சந்தையில் கிடைக்கிற கூடைகள் பலவும் கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான் என்பது என் எண்ணம்.

நான் சொல்லும் வடிவம் இது. அடி வட்டம் 18 செ.மீ., மேல் வாய் 22 செ.மீ., உயரம் 10 செ.மீ. இது 3 லிட்டருக்குச் சற்று மேலே வரும். மேலே போகப் போக அகலம் கூடுவதால் பொரி எழும்பி ஓரமாக ஒதுங்க இடம் கிடைக்கிறது. செவ்வக வடிவம் வேண்டாம், மூலையில் சேர்ந்த மணி எத்தனை ஆட்டினாலும் வெளியே வராது. அடித்தட்டைத் தட்டையாக விடாமல், நடுவை நோக்கி 15 டிகிரி அளவுக்குக் குழிவாக அடித்து எடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் மிஞ்சும் இருபது முப்பது மணிகளும் ஆட்ட ஆட்ட நடுவில், சுடர் நேராகப் படும் இடத்தில் வந்து நிற்கும். 50 கிராமில் ஏறக்குறைய 325 மணிகள் இருக்கும். இந்த அடித்தட்டில் அவை ஒற்றை அடுக்காகப் பரவும். இரண்டு அடுக்கானால் மேலே உள்ளது காத்திருக்க வேண்டிவரும், அந்த நேரத்தில் அடியில் உள்ளது பொரிந்து கருகத் தொடங்கும்.

இப்போது உலோகம். அலுமினியம் சூட்டை எஃகைவிடப் பல மடங்கு வேகமாகப் பரப்பும், அந்த வகையில் உங்கள் யோசனை சரி. அடுப்புக்கு மட்டும் என்றால் 2 மி.மீ. அலுமினியத் தகட்டையே நானும் சொல்வேன். ஆனால் தணலிலும் பிடிப்பேன் என்கிறீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், காற்று வீசிச் சிவந்த தணல் அந்த அளவுக்கும் மேலே போகும். கவனம் சிதறி ஒரு நிமிடம் வைத்துவிட்டால் அடி தொங்கிவிடும். அதனால் இரண்டுக்கும் பொதுவாக 1.5 மி.மீ. இரும்புத் தகடு, தோசைக்கல் போல எண்ணெய் தடவிப் பழக்கியது. அடிக்கு மட்டும் சுமார் 300 கிராம் ஆகும். சுவருக்கு 0.5 மி.மீ. எவர்சில்வர் போதும். அது சூட்டை மந்தமாகக் கடத்தும், இங்கே அது நல்லதுதான், ஓரத்தில் ஒதுங்கிய பொரி கருகாது.

முழுக்க வலையாலேயே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். வலையில் எண்ணெய் நிற்காது, சுடர் நேரே பொரியில் படும், புகை வாடை ஏறும். தணலுக்கு அது ஒரு ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் கருகல் குறைய வேண்டுமென்றால் அடியில் தகடு வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் மணிக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி, சூட்டைச் சீராகக் கொண்டுபோகிறது. வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால்பொருள் பொரியும் சூட்டுக்கு முன்பே கருகிவிடும். பொரிந்தபின் மேலே விட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறையில் மூன்று விஷயம் கறாராகச் சொல்லிவிடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகடோ வலையோ கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், நெருப்பில் அதன் புகை உடம்புக்கு ஆகாது. ஈயப்பற்று வைத்து ஒட்டக் கூடாது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதாரணப் பற்று 183 டிகிரியிலேயே இளகும், சோளம் பொரிகிற சூடும் அதேதான்! இணைப்பெல்லாம் ரிவெட் அல்லது ஸ்பாட் வெல்டிங். அப்புறம், ஒட்டாத பூச்சும் வேண்டாம். அது 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், தணலில் அந்த எல்லையைக் காப்பது நடவாத காரியம்.

மூடிக்குத் துளையிட்ட எவர்சில்வர் தகடு எடுங்கள். துளை 2.5 மி.மீ. இருந்தால் ஆவி தாராளமாகப் போகும், மணி வெளியேறாது. என் முதல் முயற்சியில் கைக்குக் கிடைத்தது என்று 6 மி.மீ. துளைத் தகட்டை, அதுவும் அடியிலேயே போட்டேன். ஆட்டிய நாலாவது வினாடியில் பாதிச் சோளம் நெருப்பில் விழுந்து, அங்கே பொரிந்து, என் மேலேயே திரும்பி வந்தது. மூடியை ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் கொக்கி போட்டு, கொஞ்சம் குவிந்தாற்போல் வளைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஓரிடத்தில் விரல் அகலத்துக்குப் பத்து மி.மீ. துளைகள் சில விட்டு, அதற்குத் தள்ளி மூடும் சிறு தகடு ஒன்றும் வையுங்கள். பொரித்து முடித்ததும் அதைத் திறந்து கவிழ்த்துக் குலுக்கினால் பொரியாத மணி மட்டும் கீழே விழும். பல்லுக்கு நல்லது.

இனி கைப்பிடி. கை சுடுவதற்குக் காரணம் உலோகம் வழியாக வரும் சூடு மட்டுமில்லை, பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிவரும் அனல்தான் பாதிக்கு மேல். கைப்பிடியைக் கிடைமட்டமாக வைத்தால் அது அனலின் பாதையிலேயே கிடக்கும். 20 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து, தொடக்கத்தில் உள்ளங்கை அளவு தகடு ஒன்றை மறைப்பாக வைத்தால் அடுப்பில் வித்தியாசம் உடனே தெரியும். திடமான கம்பிக்குப் பதில் 12 மி.மீ. எவர்சில்வர்க் குழாய், நுனியில் மரப்பிடி.

நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தணலுக்கு 70 செ.மீ. வேண்டும். அடுப்பில் அதே நீளத்தைப் பிடித்தால் மூன்று நிமிடத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். மூடியோடு பாத்திரம் 650 கிராம் என்று வைத்தால், 70 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது கை தாங்கும் திருகுவிசை 30 செ.மீ.க்குத் தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கைப்பிடியை இரண்டு துண்டாகச் செய்யுங்கள்: பாத்திரத்தோடு 30 செ.மீ., வெளியே போகும்போது செருகிக்கொள்ள 40 செ.மீ. இணைப்புக்குத் திருகுமரை வேண்டாம், ஆட்டி ஆட்டிக் கழன்றுவிடும். குழாய்க்குள் குழாய் செருகி, குறுக்கே ஓர் ஆணி. பாத்திரத்தில் கைப்பிடி சேரும் இடத்தில் ஒற்றை ரிவெட்டும் போதாது. விரல்நீளம் விட்டு மூன்று ரிவெட், பின்னால் ஒரு தாங்குதகடு. கூடைகள் முதலில் உடைவது அங்கேதான்.

தகடு வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அதே சோளத்தில் 50 கிராம் எடுத்து, வீட்டில் உள்ள கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, மூடியைச் சற்றே திறந்து வைத்துப் பொரியுங்கள். அங்கேயும் மூன்றில் ஒன்று பொரியாமல் நின்றால் குற்றம் கூடையில் இல்லை, சோளம் உலர்ந்துவிட்டது. முக்கால் லிட்டர் சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, இறுக மூடிய ஜாடியில் அவ்வப்போது குலுக்கி, இரண்டு மூன்று நாள் வைத்தால் ஈரம் ஏறிவிடும். (இறுக்கமான மூடிக்கு வேலை இந்த ஜாடியில்தான்.) புதுக் கூடை செய்தும் பழைய சோளத்தால் ஏமாந்தவர்கள் உண்டு.

பொரிக்கும்போது தீ நடுத்தரமாக இருக்கட்டும். மெல்லிய தீயில் நேரம் இழுத்தால் மணியின் காம்புமுனை வழியாக ஈரம் கசிந்து போய்விடும், பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் வெடிக்காது. கொளுத்திவிட்டால் தோல் முந்திக் கிழிந்து, நடுவில் மாவு வேகாமல் கெட்டியாக நிற்கும். முதல் மணி வெடித்ததிலிருந்து விடாமல் ஆட்டுங்கள். இரண்டு வெடிப்புக்கு நடுவே இரண்டு வினாடி இடைவெளி வந்ததும் நெருப்பிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்துவிடுங்கள்.

முதல் தடவை பொரித்ததை ஒரு தட்டில் கொட்டி, கருப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பொரிந்ததன் மேல் கருப்பு இருந்தால் உள்ளே இடம் போதவில்லை, அடுத்த முறை 40 கிராம் போடுங்கள். பொரியாத மணியில் கருப்பு இருந்தால் தீயைக் குறையுங்கள். பொரியாத மணி வெளுப்பாகவே நின்றால் மறுபடி சோளத்தைத்தான் பார்க்க வேண்டும்.