எரிவாயுக் குழாய் விபத்துக்கான பயிற்சியில் குழாயை நடத்தும் தனியார் நிறுவனங்கள் எதற்கு? தீயணைப்புத் துறையே நடத்தினால் போதாதா?

போதாது. சம்பவ இடத்துக்கு முதலில் வருவது தீயணைப்பு வண்டி. ஆனால் குழாய்க்குள் என்ன ஓடுகிறது, எவ்வளவு அழுத்தம், வால்வு எங்கே என்பதெல்லாம் நிறுவனத்துக்குத்தான் தெரியும்.

2010 செப்டம்பர் 9, கலிஃபோர்னியாவின் சான் புருனோ. 30 அங்குலக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. விமானம் விழுந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்தத் தெருவுக்கு அடியில் அப்படியொரு குழாய் போவதே உள்ளூர்த் தீயணைப்புத் துறைக்குத் தெரியாது! வாயுவை நிறுத்த 95 நிமிடங்கள் ஆயின.

இப்படிப்பட்ட விபத்துகளுக்காகத்தான் அமெரிக்காவில் மாநிலத் தீயணைப்புத் தலைமை அதிகாரிகளின் தேசியச் சங்கமும், மத்தியப் போக்குவரத்துத் துறையும், குழாய் நிறுவனங்களும் சேர்ந்து பயிற்சி தருகின்றன. அங்கே தீயணைப்போரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்; குழாய்த் தீயை நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

சரி, என்ன கற்றுத்தருகிறார்கள்? பழக்கத்துக்கு நேர்மாறான ஒன்றை: வாயு வருவது நிற்கும்வரை குழாயில் எரியும் தீயை அணைக்காதே. அணைத்தால், எரியாத வாயு பரவித் தேங்கி, ஒரு பொறியில் வெடிக்கும். சுற்றியுள்ள வீடுகளுக்குத் தண்ணீர் அடி, ஆட்களை வெளியேற்று, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அணுகு. பிரதான குழாயின் வால்வை நீயாகத் திருகாதே. குழாய் போகும் இடத்தைக் காட்டும் சாலையோர மஞ்சள் கம்பத்தில் நிறுவனத்தின் அவசர எண் இருக்கும், உடனே கூப்பிடு. ஆனால் அந்த எண்ணில் பேசுபவரை முன்பே ஒரு ஒத்திகையில் பார்த்துப் பழகியிருந்தால்தான் பதற்றத்திலும் பேச்சு சட்டென்று புரியும்.