வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் வரலாறு என்ன, வளாக வாழ்க்கை எப்படி? அங்கே படிக்கப் போகலாமா?

வரலாறு, வளாக வாழ்க்கை இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஊர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருக்கிறது. முன்னால் ஐரிஷ் கடல், பின்னால் மலை. அந்தத் தூரம் சரிப்பட்டால் இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். சரிப்படாவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிடும்.

1864-ல் அபெரிஸ்ட்வித்துக்கு ரயில் வந்தது. ரயில் ஒப்பந்தக்காரர் தாமஸ் சாவின், கட்டடக் கலைஞர் ஜே. பி. செடனைக் கொண்டு கடலோரத்தில் ஒரு பெரிய ஓட்டல் கட்டத் தொடங்கினார். பாதியிலேயே திவாலானார். சுமார் 80,000 பவுண்டு விழுங்கிய அந்தக் கட்டடத்தை, வேல்ஸுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பாடுபட்ட குழு 1867-ல் 10,000 பவுண்டுக்கு வாங்கியது. 1872 அக்டோபரில் முதல்வர் தாமஸ் சார்ல்ஸ் எட்வர்ட்ஸ் தலைமையில், இருபத்தைந்து பேர் அளவிலான மாணவர்களோடு கல்லூரி திறந்தது. இன்று ‘பழைய கல்லூரி’ என்று அழைக்கப்படுவது அந்த ஓட்டல் கட்டடம்தான். கடலைப் பார்த்தபடி இருக்கும் அதன் தெற்கு முனைச் சுவரை அண்ணாந்து பாருங்கள். சி. எஃப். ஏ. வாய்சி வடிவமைத்த மொசைக் ஓவியம் இருக்கும். நடுவில் ஆர்க்கிமிடீஸ், அவருக்குக் காணிக்கை கொடுப்பதுபோல் ஒருபுறம் ரயில் எஞ்சின், மறுபுறம் கப்பல். ரயில்காரர் கைவிட்டுப் போன கட்டடத்தில் அந்த ரயிலைப் பார்ப்பது தனி அனுபவம்.

முதல் பத்தாண்டுகள் அரசு மானியம் இல்லை. வேல்ஸ் முழுக்கத் தேவாலயங்களில் ‘பல்கலைக்கழக ஞாயிறு’ என்று ஒரு நாள் வைத்து உண்டியல் எடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும் போட்ட பென்னிகளில் கல்லூரி ஓடியது. 1881-ல், வேல்ஸின் கல்வியை ஆராய அரசு அமைத்த அபெர்டேர் குழு, வேல்ஸின் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என இரண்டு கல்லூரிகள் போதும் என்றது. 1883-ல் கார்டிஃபும் 1884-ல் பாங்கரும் திறந்தன. நடுவில் இருந்த அபெரிஸ்ட்வித் மூடப்படும் நிலை வந்தது. 1885-ல் தீ விபத்து வேறு. கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்தது. ஆனால் அந்தத் தீயே மக்களைத் திரட்டியது. தாங்கள் காசு போட்டு வளர்த்த கல்லூரியை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டடத்தைத் திரும்ப எழுப்பினார்கள், மானியமும் உறுதியானது. இன்றும் வேல்ஸ் மக்கள் இதைத் தங்கள் சொந்தச் சொத்தாகப் பேசுவதற்கு அடிப்படை இதுதான்.

அதுவரை லண்டன் பல்கலைக்கழகத் தேர்வு எழுதியே மாணவர்கள் பட்டம் பெற்றார்கள். 1893-ல் அபெரிஸ்ட்வித், கார்டிஃப், பாங்கர் மூன்றையும் சேர்த்து வேல்ஸ் பல்கலைக்கழகம் உருவானது. 1896-ல் கடற்கரைச் சாலையின் வடக்கு முனையில் பெண்களுக்கான அலெக்சாண்ட்ரா விடுதி திறந்தது. 1919-ல் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. முதல் உலகப்போரின் அழிவைக் கண்ட செல்வந்தரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகளும் கொடுத்த நன்கொடையில் சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் துறை தொடங்கியது. அதே ஆண்டில் ஜார்ஜ் ஸ்டேபிள்டன் தலைமையில் பயிர்ப்பெருக்க நிலையம் வந்தது. அங்கே உருவான புல் வகைகளும் ஓட்ஸ் வகைகளும் இன்றும் பிரிட்டனின் பண்ணைகளில் விளைகின்றன. சர்வதேச உறவுகள் அல்லது வேளாண் அறிவியல் படிக்க நினைப்பவர்கள் தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்து இந்த இடத்தை ஒதுக்க வேண்டாம்.

இப்போது வகுப்புகள் பெரும்பாலும் ஊருக்கு மேலே பெங்லைஸ் குன்றில். 1929-ல் வணிகர் ஜோசப் டேவிஸ் பிரையன் வாங்கிக் கொடுத்த நிலம் அது. விடுதி தேர்ந்தெடுக்கும்போது இந்த ஏற்றத்தைக் கணக்கில் வையுங்கள். கடற்கரையோர அறைகள் படத்தில் மயக்கும். ஆனால் தினமும் காலையில் குன்று ஏற வேண்டும். மேற்கிலிருந்து வரும் காற்று இரவெல்லாம் ஜன்னலை உலுக்கும், கண்ணாடியில் உப்பு படியும். 2014 ஜனவரிப் புயலில் கடற்கரைச் சாலை உடைந்து, அங்கிருந்த மாணவர்களையும் வெளியேற்றினார்கள். குன்றின் மேல் உள்ள ஃபெர்ம் பெங்லைஸ், பென்ட்ரே ஜேன் மோர்கன் விடுதிகள் அழகில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் முதலாமாண்டுக்கு அவையே வசதி. நூலகம், கலை மையம், விளையாட்டுக்கூடம் எல்லாம் நடக்கும் தூரம். பிராங்லைஸ் மருத்துவமனையும் அதே சாலையில்தான். குடை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், ஒரே காற்றில் மடங்கிவிடும். தலைமூடி வைத்த நீர்புகா ஜாக்கெட்டும், பிடிப்புள்ள காலணியும் வாங்குங்கள்.

ரயில் பயணத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் மகன்லெத் நிலையம். பர்மிங்ஹாமிலிருந்து வரும் ரயில் பெரும்பாலும் அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு, மறுபாதி வடக்கே புல்லெலி பக்கம். தவறான பெட்டியில் தூங்கிவிட்டால் கண் விழிப்பது வேறு கடற்கரையில். ஏறும்போதே பெட்டியின் பலகையைப் பாருங்கள், ஷ்ரூஸ்பரிக்குப் பிறகு வரும் அறிவிப்பையும் கேளுங்கள். பர்மிங்ஹாம் விமான நிலையத்தை ஒட்டிய நிலையத்திலிருந்து ஏறினால் சுமார் மூன்று மணி நேரம். அதனால் நம் ஊரிலிருந்து விமானத்தில் வருபவர்களுக்கு லண்டன் ஹீத்ரோவைவிட பர்மிங்ஹாமில் இறங்குவது நல்லது. லண்டனுக்கு நேரடி ரயில் கிடையாது. ஷ்ரூஸ்பரி தாண்டியதும் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம், எதிர் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு ரயில் தாமதமானால் அடுத்தடுத்தவையும் தாமதமாகும். டோவி ஆற்று முகத்துவாரப் பகுதி தாழ்வானது, வெள்ளம் வந்தால் பாதையே மூடப்படும். விமானத்துக்குப் போகிறீர்கள் என்றால் கணக்குப் பார்த்ததற்கு ஒரு ரயில் முன்னதாகவே ஏறுங்கள்.

இரண்டாமாண்டில் வெளியே வீடு எடுப்பவர்களுக்கு: வேல்ஸில் வாடகைச் சட்டம் இங்கிலாந்தினுடையது அல்ல. 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, குடியேறிய 14 நாட்களுக்குள் வீட்டு உரிமையாளர் எழுத்துமூல ஒப்பந்தம் தர வேண்டும். முன்பணத்தை 30 நாட்களுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வீட்டைப் பிடித்துவைக்கக் கேட்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக்கூடாது. உரிமையாளர் ‘ரென்ட் ஸ்மார்ட் வேல்ஸ்’ அமைப்பில் பதிந்திருக்கிறாரா என்று இணையத்திலேயே பார்க்கலாம். பதியாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு பார்க்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஈரம். விக்டோரியா காலத்து வரிசை வீடுகளுக்குத் தடித்த கல் சுவர், கடல் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். துணியை அறைக்குள் காயவைத்து, ஹீட்டரை அணைத்து, ஜன்னலையும் மூடினால் அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து கரும்பூஞ்சையாகும். அலமாரிக்குப் பின்பக்கச் சுவரையும் ஜன்னல் மூலைகளையும் தடவிப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த ஒற்றைச் சுவர் கண்ணில் பட்டால் காரணம் கேளுங்கள். நவம்பரிலேயே வீடு போய்விடும் என்று சக மாணவர்கள் அவசரப்படுத்துவார்கள். ஊர் சிறியது, மாணவர் வீடுகளும் நிறைய. நிதானமாகப் பாருங்கள்.

இந்த ஊரின் பெரிய பொக்கிஷம் வேல்ஸ் தேசிய நூலகம், வளாகத்திலிருந்து நடந்தே போகலாம். பிரிட்டனில் வெளியாகும் எந்த நூலின் பிரதியையும் கேட்டுப் பெறும் உரிமை அதற்கு உண்டு. வாசகர் அட்டை இலவசம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, முன்கூட்டியே கேட்டுவைத்து வாசிப்பறையில்தான் படிக்க வேண்டும். ஆய்வுக்கட்டுரை எழுதும் ஆண்டில் இதைப் பயன்படுத்தாமல் போவது பெரிய இழப்பு.

வெல்ஷ் மொழி இங்கே பெயர்ப்பலகையில் மட்டும் இருப்பதல்ல, கடையிலும் பேருந்திலும் காதில் விழும். 1963 பிப்ரவரியில் ட்ரெஃபெச்சன் பாலத்தில் மாணவர்கள் உட்கார்ந்து நடத்திய மறியல்தான் வெல்ஷ் மொழிச் சங்கத்தின் முதல் பொதுப் போராட்டம். வெல்ஷ் பேசும் மாணவர்களுக்கான பாண்ட்டகெலின் விடுதி 2015-ல் மூடப்பட்டது. மாணவர்கள் விடாமல் போராடினார்கள், 2020-ல் திரும்பத் திறந்தது. நீங்கள் வெல்ஷ் கற்றே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படிப்பு ஆங்கிலத்தில் கிடைக்கும். ஆனால் பேருந்திலிருந்து இறங்கும்போது ‘தியோல்ஹ்’ என்று ஓட்டுநருக்கு நன்றி சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக வளரும்.

மாலையில் கடற்கரைச் சாலையின் வடக்கு முனைவரை நடந்து, அங்குள்ள கம்பியைக் காலால் தட்டிவிட்டுத் திரும்புவது மாணவர்களின் பழைய வழக்கம். அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் மறையும் நேரத்தில் ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் கடற்பாலத்துக்கு அடியில் அடைய வரும். அதற்கு டிக்கெட் கிடையாது.

சாப்பாடு சமாளிக்கலாம். அரிசி, பருப்பு, மசாலாத் தூள் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வேண்டுமென்றால் பர்மிங்ஹாம் போகும்போது மொத்தமாக வாங்கிவந்து, கறிவேப்பிலையை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். பகுதிநேர வேலை விஷயத்தில் மட்டும் கவனம். இவ்வளவு சிறிய ஊரில் அதே கஃபேக்களுக்கும் கடைகளுக்கும்தான் எல்லா மாணவர்களும் விண்ணப்பிப்பார்கள், குளிர்காலத்தில் சுற்றுலாவும் அடங்கிவிடும். பகுதிநேர வருமானத்தை நம்பித்தான் வாடகை கட்ட வேண்டும் என்ற நிலையில் இருந்தால், இங்கே வருவதற்கு முன் கார்டிஃப், ஸ்வான்சீ இரண்டையும் பரிசீலியுங்கள்.