டாங்கி ஏறும் லொறி: வாசகர் கேள்வி–பதில்

போன மாதம் லோபெட் லொறி (பாரமான இயந்திரங்களை ஏற்றும் தாழ்வான தட்டுள்ள லொறி) பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் கூடுதலானவை பெக்கோ, டோசர் ஏற்றுவது பற்றித்தான். உப்புவெளியிலிருந்து வந்த ஒரு கடிதம் மட்டும் பழைய யுத்த வாகனத்தைப் பற்றிக் கேட்டிருந்தது. எனக்குத் தெரிந்த நாலு பேரிடம் அதைச் சொன்னதும் அவர்களும் ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சரி, இந்த மாதம் முழுக்கச் செயின் வண்டிகள்தான். வண்டி ஓடுகிற இரும்புப் பட்டையைச் செயின் என்றும் கட்டுவதைச் சங்கிலி என்றும் எழுதுகிறேன், குழம்ப வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தம்பியும் அவனுடைய மூன்று சிநேகிதர்களும் சேர்ந்து பிரென் கரியர் என்ற பழைய யுத்தகாலச் செயின் வண்டி ஒன்றை வாங்கித் திருத்தி ஓட வைத்திருக்கிறார்கள். கோடையில் நடக்கிற கண்காட்சிகளுக்குக் கொண்டு போக வேண்டுமாம். ஜீப்புக்குப் பின்னால் ட்றெயிலர் போட்டு இழுக்கலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னான். (வாசகி, உப்புவெளி)

பதில்: ஜீப் வேண்டாம் என்று சொல்லுங்கள், தங்கச்சி. பிரென் கரியர் பார்வைக்குச் சின்னது. நீளம் 3.65 மீற்றர், அகலம் 2 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே, உயரம் ஒரு ஆளின் தலையைத் தாண்டாது. ஆனால் ஆள், ஆயுதம், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் அது 3.75 தொன். எல்லாவற்றையும் இறக்கி வைத்தாலும் 3 தொன்னுக்குக் கீழே வராது. பிரித்தானியாவில் காரோ ஜீப்போ இழுக்கிற ட்றெயிலருக்கு, ட்றெயிலரின் சொந்த எடையையும் சேர்த்து, 3.5 தொன்தான் எல்லை. கரியரைத் தாங்கக்கூடிய ட்றெயிலரே முக்கால் தொன்னுக்குக் குறையாது. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. 7.5 தொன் லொறியும் சரிவராது, லொறியின் எடை போக ஏற்றுவதற்கு மிஞ்சுவது பெரும்பாலும் 3 தொன்னைச் சுற்றித்தான் இருக்கும். பின்பக்கம் சாய்ந்து இறங்குகிற தட்டு வைத்த 18 தொன் லொறி ஒன்றை டிரைவரோடு வாடகைக்குப் பிடித்து நான்கு பேரும் காசைப் பிரித்துக்கொள்வதுதான் ஒழுங்கான வழி.

இன்னொரு விஷயம், கண்காட்சித் திடலுக்குள் ஓட்டுவது வேறு, பொதுவீதியில் ஓட்டுவது வேறு. அங்கே செயின் வண்டியை வீதியில் ஓட்ட லைசன்ஸில் 'எச்' என்ற தனி வகை இருக்க வேண்டும். லொறியை வீதியோரத்தில் நிறுத்தி வண்டியை இறக்கினால் அந்த இருபது அடியும் வீதிதான் என்பதைத் தம்பி மறக்கக்கூடாது.

கேள்வி: நான் லோபெட் ஓட்டுகிறேன், பெக்கோ ஏற்றி இறக்கி நல்ல பழக்கம். டாங்கி ஏற்றுவதும் அதே மாதிரித்தானே? (சாரதி, கந்தளாய்)

பதில்: பாதி அதே மாதிரிதான் தம்பி. மற்றப் பாதியில்தான் ஆட்கள் சாகிறார்கள், அதனால் இதை நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

பெக்கோவுக்குக் கை இருக்கிறது. ஏறும்போது பக்கெட்டைத் தட்டில் ஊன்றி உடம்பை மெதுவாக இறக்கிக்கொள்ளலாம். டாங்கிக்கு அந்த வசதி கிடையாது. சாய்தளத்தில் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறும், டிரைவருக்கு ஆகாயத்தைத் தவிர எதுவும் தெரியாது. பாதி உடம்பு விளிம்பைத் தாண்டியதும் தராசு மாதிரி ஆடி முன்பக்கம் தட்டில் விழும். 30 தொன் ஷேர்மன் டாங்கி அப்படி வேகமாக விழுந்தால் தட்டும் வளையும், டிரைவரின் பல்லும் போகும். அந்தச் சமநிலைப் புள்ளி வருகிற நேரத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும். வழி காட்டுகிறவர் ஒரே ஒருவர், அவர் டிரைவரின் கண்ணில் படுகிற இடத்தில், வண்டி வழுக்கினாலும் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். நாலு பேர் நாலு பக்கமும் நின்று கத்துவது நம் ஊர்ப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

ஏறுவதற்கு முன்னால் லொறியைப் பாருங்கள். பாரம் ட்றெயிலரின் வாலில் ஏறுகிற கணத்தில் முன்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும், அப்போது இழுக்கிற லொறியின் பின்சில்லுகளில் எடை குறையும். கைப்பிறேக் பிடிப்பது அந்தச் சில்லுகளைத்தான். நிலத்தை அழுத்தாத சில்லைப் பிறேக் பிடித்து என்ன பயன்? லொறி முன்னால் நகர, சாய்தளம் விலக, டாங்கி நடுவில் விழும். வாலுக்குக் கீழே காலோ தடித்த மரக்கட்டையோ முட்டுக் கொடுத்து, எல்லாச் சில்லுக்கும் ஆப்பு வைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

நான் கிளீனராக இருந்த காலத்தில் தம்பலகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு மார்கழி மழையில் டோசர் ஏற்றினோம். முதலாளிக்கு அவசரம், இருட்டுவதற்குள் ஹபரணையைத் தாண்ட வேண்டும் என்றார். சாய்தளம் வெறும் இரும்பு, செயினில் வயல் சேறு. முக்கால்வாசி ஏறியதும் டோசர் ஒரு சாண் பக்கவாட்டில் வழுக்கியது. ஓட்டிய அண்ணன் நேராக்கலாம் என்று ஒரு பக்க லீவரைப் பிடித்தார். அவ்வளவுதான், அந்தப் பக்கச் செயின் நிற்க, மற்றது சுற்ற, டோசர் அப்படியே திரும்பி வயலுக்குள் சாய்ந்தது. அண்ணனுக்குக் காறை எலும்பு முறிந்ததோடு தப்பினார். மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தேன், சாய்தளத்தில் ஒரு கையகலத்துக்குப் பளபளவென்று வெள்ளிக்கோடு மாதிரி உரசல், அதன் முடிவில் ஒரு வளைவு. அந்த வளைவுதான் லீவர் பிடித்த இடம். அதற்குப் பிறகு சாய்தளத்தில் பலகை போடாமல் ஒரு செயின் வண்டியையும் நான் ஏற்றியதில்லை. சாய்தளத்தில் திருப்பவும் கூடாது. கோணல் என்றால் பின்னால் இறங்கி, தரையில் நேராக்கி, மறுபடி ஏறுங்கள்.

அப்புறம் கட்டுவது. சடுதியாகப் பிறேக் பிடித்தால் பாரம் தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் போகப் பார்க்கும், பக்கத்துக்கும் பின்னாலும் 50 சதவீதம். ஐரோப்பாவில் இந்த அளவை வைத்துத்தான் கட்டுக் கணக்குப் போடுகிறார்கள். 30 தொன் ஷேர்மனுக்கு முன்பக்கம் 24 தொன். வெறும் இரும்பில் இரும்பு நின்றால், காய்ந்து சுத்தமாக இருந்தாலும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உராய்வை நம்ப முடியாது, அதாவது 6 தொன். மீதி 18 தொன்னும் சங்கிலி பிடிக்க வேண்டும். கட்டுவதற்கென்று வருகிற 80ஆம் தரத்து 10 மில்லிமீற்றர் சங்கிலி ஒன்று 6.3 தொன் வரை தாங்கும், 13 மில்லிமீற்றர் என்றால் 10 தொன். அதுவும் நேராக இழுத்தால்தான், சாய்வாகக் கட்டினால் குறையும். முன்னால் ஓடாமல் தடுப்பவை பின்னோக்கி இழுக்கிற சங்கிலிகள் மட்டும்தான், மொத்தச் சங்கிலியையும் எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். செயினுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் உராய்வு மூன்று மடங்காகும். இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

சங்கிலியை உடம்பில் இருக்கிற இழுவை வளையத்தில் குறுக்கும் மறுக்குமாக மாட்டுங்கள். செயினிலோ சில்லிலோ மாட்டக்கூடாது, மாட்டினால் உடம்பு ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டே வரும், ஆட ஆடக் கட்டுத் தளரும். சரியாகக் கட்டினாலும் முதல் பத்துக் கிலோமீற்றருக்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்து இறுக்குங்கள். வண்டி கியரில் இருக்கிறது, பிறேக் போட்டிருக்கிறது என்பதை ஒரு கட்டாகக் கணக்கில் எடுக்கவே கூடாது.

கேள்வி: டாங்கிக்கு எஞ்சின் இருக்கிறது, தானாகவே ஓடிப் போகலாமே, எதற்கு லொறி? (மாணவன், கிண்ணியா)

பதில்: நல்ல கேள்வி தம்பி. செயின் தேயும். ஊசிகளும் பற்களும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எண்பது வயது வண்டிக்கு மாற்று உதிரி எங்கே தேடுவது? யுத்தம் நடந்த காலத்திலேயே இந்தக் கவலை இருந்தது. வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியப் படை டாங்கிகளை ஸ்கேமல், டயமண்ட் டி லொறிகளில் ஏற்றித்தான் முடிந்தவரை கொண்டு போனது. ஜெர்மன்காரருக்கு இதைவிடப் பெரிய தலையிடி. அவர்களுடைய டைகர் டாங்கி ரயில் பெட்டியின் அளவுக்கு மிஞ்சிய அகலம். அதனால் 725 மில்லிமீற்றர் அகலச் செயினைக் கழற்றி, வெளிப்பக்கச் சில்லுகளையும் கழற்றி, 520 மில்லிமீற்றர் செயின் போட்டு ஏற்றினார்கள், இறக்கிய பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்கள். 1943இல் துனீசியாவில் பிடிபட்ட ஒரு டைகர், 131 என்ற இலக்கத்தோடு, இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடுகிற நிலையில் இருக்கிறது.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவில் 'பாதை' என்கிற மிதவையில்தான் வாகனங்களை ஏற்றினோம். அப்பாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள், பாரமான லொறியின் முன்சில்லு பாதையில் ஏறியதும் அந்த மிதவை எப்படித் தாழ்ந்து எழும்பும் என்று சொல்வார்கள். டாங்கி லோபெட்டில் ஏறுவதும் அதே ஆட்டம்தான்.

கேள்வி: யுத்த வாகனங்களைக் கண்காட்சி வைத்துப் பார்ப்பதில் என்ன சந்தோஷம்? எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. (ஆசிரியை, திருகோணமலை)

பதில்: எனக்கு அது விளங்கும் டீச்சர். இரவில் டோசர் ஏற்றிய லோபெட் எங்கள் ஒழுங்கையால் போனால் இன்றும் என் மனைவி எழும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே கண்காட்சிக்குப் போகிறவர்களில் பலருக்கு அது தாத்தா வேலை செய்த இயந்திரம், பட்டறையில் ஐந்து வருடம் கையை அழுக்காக்கித் திருத்திய இரும்பு. அவர்களுடைய ஆசையில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நம் வீதிகளில் இப்படியான ஒன்றைக் கொண்டு போக நேர்ந்தால், குழலைப் பூட்டி, படங்கு போட்டு முழுதாக மூடி, பகலில் கொண்டு போக வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். படங்கைக் கட்டக் கால் மணித்தியாலம்கூட ஆகாது.

கேள்வி: ஷேர்மன் டாங்கியை லொறியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் பின்பக்கம் ஒரு நீளக் கைப்பிடியைப் போட்டு ஆட்கள் சுற்றுவதை வீடியோவில் பார்த்தேன். பற்றரி பழுதா? (வாசகர், சாம்பல்தீவு)

பதில்: பற்றரி நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த வகை ஷேர்மனில் இருப்பது விமானத்துக்கென்று செய்த ஒன்பது சிலிண்டர் கொண்டினென்டல் எஞ்சின், சிலிண்டர்கள் பூவிதழ் மாதிரி வட்டமாக நிற்கும். எஞ்சின் ஓடாமல் லொறியில் பயணம் செய்தால் எண்ணெய் வடிந்து கீழே தொங்குகிற சிலிண்டர்களுக்குள் தேங்கும். எண்ணெயை நசுக்க முடியாது. அப்படியே ஸ்டார்டரை அழுத்தினால் பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். அதனால்தான் கையால் சுற்றுகிறார்கள். சுற்றும்போது எங்காவது இறுகினால் பலம் போட்டுத் தள்ளாமல் கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிய விட வேண்டும். வடிந்து முடிந்ததும் மறுபடி கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்றாவது சுற்ற வேண்டும், பிறகுதான் ஸ்டார்டர்.